விதியும் விலக்கும்: அமெரிக்கத் தண்டனைச் சட்டங்களில் நிறம்

முன் ஒரு விதியாற் பெற்றதனைப் பின் ஒரு விதியால் மறுத்தலை உரையாசிரியர் 'எய்தியது விலக்கல்' என்பர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலமைப்பில் 1865ஆம் ஆண்டு சேர்க்கப்பெற்ற பதின்மூன்றாம் திருத்தத்தில் விதியும் விலக்கும் ஒரு தொடரிலேயே அமைந்துள்ளன. அஃது அடிமை முறையை ஒழித்தது. குற்றத்திற்குரிய தண்டனையை மட்டும் அவ்விதிக்குப் புறம்பாக்கிற்று. இவ்விலக்கு எவர்மேற் சென்றது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அவ்வாண்டிலேயே மிசிசிப்பி மாநிலம் வேலையற்ற கறுப்பரைத் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. தண்டம் கட்ட இயலாதார் கூலிக்கு விடப்பட்டனர். அச்சட்டம் நிறத்தை வெளிப்படையாகவே சுட்டிற்று. சட்டத்தின் சமமான பாதுகாப்பை அனைவர்க்கும் உரியதாக்கிய பதினான்காம் திருத்தம் 1868இல் வந்தபின், தண்டனைச் சட்டங்களில் அவ்வாறு நிறம் கூறுதல் அரிதாயிற்று. மறைந்தது பெயரே. 1876இல் அம்மாநிலம் இயற்றியதும் 'பன்றிச் சட்டம்' என வழங்கப்பெற்றதுமான சட்டம், ஒரு பன்றியைத் திருடினும் ஐந்தாண்டு வரை சிறை என விதித்தது. எந்நிறத்தார் திருடினும் என்பதே அதன் சொல்லமைப்பு. ஆயினும் 1874இல் 272 ஆக இருந்த கைதிகளின் தொகை 1877இன் இறுதியில் 1,072 ஆயிற்று. அவருள் மிகப் பெரும்பாலோர் கறுப்பர். இருப்புப்பாதைப் பணிக்கும் பருத்தித் தோட்டங்களுக்கும் அவர்கள் குத்தகைக்கு விடப்பட்டனர். அடிமையை விலைகொடுத்து வாங்கியவனுக்கு அவனுடைய உயிரின்மேல் முதலீட்டளவிலேனும் ஒரு கருத்து இருந்தது; குத்தகைக்காரனுக்கு அதுவும் இல்லை. அலபாமாவில் இக்குத்தகை 1928 வரை நீடித்தது.

1986ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டமும் நிறம் கூறாததே. 500 கிராம் தூள் கொக்கெயினுக்குரிய குறைந்த அளவுத் தண்டனையாகிய ஐந்தாண்டுச் சிறையை, 'கிராக்' எனப்படும் கட்டிக் கொக்கெயினுக்கு 5 கிராமிலேயே அது விதித்தது. 2006இல் நடுவணரசு நீதிமன்றங்களிற் கட்டிக் கொக்கெயினுக்காகத் தண்டிக்கப்பட்டோருள் நூற்றுக்கு எண்பதின்மருக்கு மேற்பட்டோர் கறுப்பர். நூற்றுக்கு ஒன்று என்ற அவ்விகிதம் 2010இல் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டதேயன்றி நீக்கப்படவில்லை.

இவ்வேறுபாட்டை வழக்குமன்றத்தில் எழுப்பலாகாதோ எனின், எழுப்பினர். ஜார்ஜியா மாநிலத்திற் கொலையுண்டவர் வெள்ளையராயின் மரணதண்டனைக்குரிய வாய்ப்பு 4.3 மடங்கு என ஓர் ஆய்வு காட்டிற்று. மக்கிளெஸ்கி என்னும் கறுப்பரின் வழக்கில் 1987இல் அவ்வாய்வை உச்சநீதிமன்றம் பொய்யென ஒதுக்கவில்லை. அவரைத் தண்டித்தோர் வேண்டுமென்றே வேற்றுமை காட்டினர் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்றே ஐவர்க்கு நால்வராகத் தள்ளிற்று. நெஞ்சத்து உட்கிடையை மெய்ப்பிக்குமாறு கேட்பது, நிறம் கூறாச் சட்டங்கள் அனைத்திற்கும் அரணாய் அமைந்தது என்பது எம் கருத்து. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி பவல், ஓய்வுபெற்றபின் 1991இல், தம் வாக்கை மாற்றிக்கொள்ள விரும்புவதாகத் தம் வரலாற்றை எழுதியவரிடம் கூறினார். அவ்வாண்டு செப்டம்பரில் மக்கிளெஸ்கி மின் நாற்காலியிற் கொல்லப்பட்டார்.