தாது வருஷத்துக் கஞ்சித் தொட்டி

நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகின்ற வினா ஒன்றுண்டு. நம்மவர் பிள்ளைகளின் படிப்புக்கும், நம்மவருள் நலிந்தோர் வீட்டு விவாகங்களுக்கும் மட்டுமே சங்கத்தின் பொருள் உரியதா? அன்றி, நமக்கு உறவும் முறையும் அல்லாத ஏழைக்கும் அதில் ஒரு பங்கு உண்டா? இதனை வாதத்தால் தீர்க்கப் புகின் பொழுது போகுமேயன்றி மனம் தெளியாது. ஆதலின், சரித்திரத்தினின்று ஓர் உத்தமருடைய செய்கையை எடுத்து அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அவர் கிறிஸ்து சமயத்தவர். எனினும் அவர் செய்கை எல்லாச் சமயத்தார்க்கும் பாடமாவது.

புதுக்கோட்டைச் சீமை வானம் பார்த்த பூமி என்பது நம் முன்னோர் பட்டறிந்த உண்மை. வற்றாத ஆறு இங்கில்லை. வெள்ளாறும் மழைக் காலத்தில் ஓடிப் பின் மணலாய்க் கிடப்பதே. எண்ணிறந்த கண்மாய்களையும் ஏரிகளையும் வெட்டி, பெய்த மழையைத் தேக்கியே இந்நாட்டார் பயிர் செய்து வந்தனர். மழை பொய்ப்பின் கண்மாய் வறளும்; கண்மாய் வறளின் அடுப்பு எரியாது. 1876-ஆம் ஆண்டாகிய தாது வருஷத்தில் நேர்ந்தது இதுவே. அக்காலத்தில் இச்சீமை இராமச்சந்திர தொண்டைமான் அவர்கள் ஆண்ட தனிச் சமஸ்தானமாயிருந்தது. பஞ்சம் முற்றிய பின்னர், 1878-இல் நிர்வாகத்தை ஏற்ற சேஷையா சாஸ்திரியார் நகரத்துக் குளங்களைச் செப்பனிடுவதிற் கருத்தூன்றினார் என்பது நினைக்கத் தக்கது.

தாது வருஷத்திற் தொடங்கிய பஞ்சம் அடுத்த ஈசுவர வருஷத்தையும் விழுங்கி 1878 வரை நீண்டது. சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஐதராபாத் ஆகிய நாடுகள் அதிற் சிக்கின. மாண்டவர் 50 லட்சத்துக்கு மேற்படுவர் என்பர் சரித்திரக்காரர். துரைத்தனத்தார் நிவாரண வேலைகளை ஏற்படுத்தினர். ஆயினும் செலவைச் சுருக்குமாறு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள் என்பார், 1877-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நாள் முழுதும் மண் சுமக்கும் ஓர் ஆண்மகனுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாக் காசுமே கூலி என்று விதித்தார். இவ்வளவு கொண்டு உழைக்கும் உடல் உயிர் தாங்காதென்று மாகாணத்துச் சுகாதார அதிகாரியாகிய டாக்டர் கார்னிஷ் வாதாடினார். அவ்வாண்டின் இடையிலேயே கூலி உயர்த்தப்பட்டது. கூலி உயரினும், மண் சுமக்க வலியற்ற கிழவருக்கும் குழந்தைகளுக்கும் பிணியாளருக்கும் அது பயன்படுவதெவ்வாறு? அவர்களுக்கு வேண்டியது ஒரு கலயம் கஞ்சி.

வறண்ட சீமைகளில் வாழ்வோர் பஞ்ச காலத்திற் கண்வைப்பது காவிரி பாயும் நாட்டின்மேல் அன்றோ? ஆனால் அக்காலத்தில் அந்நாட்டிலும் ஏழைக்கு ஆறுதல் அரிதாயிற்று. எங்கும் தானிய விலை ஏறியமையால், நெல் விளைந்த ஊரிலும் கூலியாள் நெல் வாங்க இயலாதவனானான். களஞ்சியம் நிறைந்திருக்க, அதன் வாயிலில் ஒருவன் பசித்துக் கிடத்தல் கூடுமென்பதைத் தாது வருஷம் காட்டிற்று. பஞ்சமென்பது மழையின்மை மட்டுமன்று, கையிற் காசின்மையுமாம், உள்ளவன் நெஞ்சில் ஈரமின்மையுமாம்.

அந்நிலையில் காவிரிக் கரையிலுள்ள மாயூரத்தில், இந்நாளில் மயிலாடுதுறை எனப்படும் ஊரில், தம் சொந்தப் பொருளைக் கொண்டு கஞ்சித் தொட்டி ஏற்படுத்தியவர் வேதநாயகம் பிள்ளை அவர்கள். இவர் நம் சீமைக்கு அயலாகிய திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த குளத்தூரில் 1826-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ஆம் தேதி கத்தோலிக்கக் குடும்பத்திற் பிறந்தவர். 1857-இல் முனிசீப் உத்தியோகம் பெற்று, பின்னர் மாயூரத்தில் நெடுங்காலம் நீதி செலுத்தியவர். கோர்ட்டுத் தீர்ப்புகளைச் சாமானிய ஜனங்களும் அறியுமாறு தமிழிற் பெயர்த்தவர். நீதிநூலும், பெண்மதி மாலையும், தமிழின் முதல் நாவலெனப் போற்றப்படும் பிரதாப முதலியார் சரித்திரமும் இயற்றியவர். உத்தியோகத்தை விட்டபின்னும் மாயூரத்திலேயே தங்கியிருந்த காலத்திற்றான் பஞ்சம் வந்தது. பதவி போன பின் பிறர் துன்பம் தமக்கென்ன என்று அவர் கதவடைத்திருக்கலாம். அவர் அங்ஙனம் செய்திலர். தேடிய பொருளை அடுப்பிலேற்றினார்.

இவரை இதற்கு ஏவியது யாது? கிறிஸ்து சமயம் நம் சீமைக்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னரும் நம் ஆவூரிலிருந்து பூஷே பாதிரியார் முதலானோர் தொண்டு செய்தனர். அச்சமயத்து வேதத்தில், தனக்கு அயலான் யார் என்று வினவிய ஒருவனுக்கு இயேசு பெருமான் கூறிய கதையொன்றுண்டு. கள்வரால் அடிபட்டு வழியிற் கிடந்த ஒருவனைக் குருவாயினாரும் கோயிற் பணியாளரும் கண்டும் விலகிப் போயினர். யாவரும் இழிவாய் எண்ணிய சமாரியன் ஒருவனே காயங்கட்டித் தன் செலவிற் காத்தான் என்பது அக்கதை. தன் இனத்தானுக்குச் செய்தான் என்றிருப்பின் அது உறவுக் கடன் ஆகுமே தவிரக் கதையாகாது. பசித்தவனுக்கு இட்ட உணவு தமக்கே இட்டதாகும் என்றும் அப்பெருமான் போதித்தார். இப்போதனைகளைக் கேட்டவர் பலர். தாது வருஷத்தில் அவற்றைக் கஞ்சியாகக் காய்ச்சி வார்த்தவருள் ஒருவர் நம் வேதநாயகர்.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். சோற்றைக் காட்டி மதத்திற் சேர்த்தல் அக்காலத்தில் நிகழ்ந்ததன்றோ என்று சிலர் வினவுவர். திருநெல்வேலிச் சீமையில், கால்டுவெல் ஐயர் முதலியோர் பணியாற்றிய இடங்களில், பஞ்ச காலத்தில் பல்லாயிரவர் கிறிஸ்து சமயம் புகுந்தனர். அவர் புகுந்தது பசியாலா, பற்றாலா என்ற வழக்கு அக்காலத்திலேயே எழுந்தது. அவ்வழக்கை நாம் ஈண்டுத் தீர்க்கப் புகவில்லை. பசித்து வந்தவனைச் சோறிட்டுக் காத்தவரையும் இகழோம், வந்தவனையும் இகழோம். வேதநாயகர் திறத்திலோ இவ்வையத்துக்கு இடமில்லை. பஞ்சத்தின் நடுவே, 1878-இல், அவர் வெளியிட்ட நூலின் பெயர் சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள். எச்சமயத்தாரும் பாடக்கூடிய வண்ணம் இறைவனை ஒருவனாகவே நிறுத்திப் பாடியவர், பசித்த வயிற்றில் மட்டும் சமயம் தேடுவாரோ? தம் மதத்தில் உறுதியாய் நின்றார். பிறர் மதத்தை மதித்தார். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் போன்ற சைவப் பெரும்புலவர் அவரைக் குளத்துக் கோவையாற் பாடினர்.

அவருடைய தொண்டுக்குச் சாட்சி சொன்னவர் பாதிரிமாரல்லர். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய சிவபக்தர் கோபாலகிருஷ்ண பாரதியாரே. பஞ்சத்தில் வேதநாயகர் செய்த உபகாரத்தைக் கண்டு, மனிதருள் மேருமலை இவரே என்னும் கருத்தமைய ஒரு கீர்த்தனை பாடினார். தில்லையைக் காண ஏங்கிய நந்தனாரின் வேதனையை உலகறியப் பாடிய அந்தணர், கஞ்சி வார்த்த கிறிஸ்தவரைப் புகழ்ந்தது வியப்பன்று. ஒருவர் தம் கடவுளிடத்து வைத்த பற்று மெய்யென்பதை, வேறு கடவுளைத் தொழுவாரே அறிந்து சொல்லும்படி வாழ்வதினும் சிறந்த சமயப் பிரசாரம் யாது? வேதநாயகர் 1889-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 21-ஆம் தேதி காலமானார். அவர் வார்த்த கஞ்சியை உண்டவர் எவரும் இன்றில்லை. அப்புகழ் மட்டும் நிற்கின்றது.

அன்பர்களே, நம்மவர்க்கு உதவுதல் குற்றமென்று நாம் சொல்லவில்லை. அது தகப்பன் பிள்ளைக்குச் சோறிடுவது போன்ற கடமை. கடமையைச் செய்து அதற்குத் தருமமென்று பெயர் சூட்டுவதே பிழை. உறவின் எல்லை முடியுமிடத்திலேயே தருமம் தொடங்குகின்றது. 2018-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்துக் கஜா புயல் நம் ஜில்லாவின் தென்னைகளைச் சாய்த்தபோது, எவ்வீடு எவருடையதென்று காற்றுக் கேட்டதா? நாளை மீண்டும் மழை பொய்க்கலாம், புயல் வரலாம். அன்று சங்கத்தின் அடுப்பு எரியுமாயின், அதன் முன் கலயம் ஏந்தி நிற்பவனை நாம் என்ன கேட்கப் போகின்றோம்? நீ யார் மகன் என்றா, பசிக்கின்றதா என்றா?

சங்கப் பொருளில் ஒரு பங்கை அயலார் பசிக்கென ஒதுக்கி வைப்பது பற்றி, அடுத்து நிகழும் கூட்டத்தில் அங்கத்தினர்கள் ஆலோசிப்பார்களாக. அவ்வாலோசனைக்கு முன், மாயூரத்துக் கஞ்சித் தொட்டியை ஒருமுறை மனத்திற் கொள்ளும்படி வேண்டுகின்றோம்.