வண்டி எங்கே நிற்கும்? மூட்டையை யார் சுமப்பது?

கடற்பயணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கடலைப் பற்றியே எழுதிவிடுகிறார்கள். காற்று, புயல், கப்பலின் நீள அகலம், மாலுமியின் துணிவு ஆகியவற்றுக்கு ஏடுகளில் இடம் இருக்கிறது. பயணம் போகும் மனிதனுக்கோ முதற் கவலை கரையில்தான் தொடங்குகிறது. ஏறிவந்த வண்டியை எங்கே விடுவது? கொண்டுவந்த மூட்டை முடிச்சுகளைக் கப்பல்வரை யார் சுமப்பது? அந்தக் கரையில் இறங்கியதும் அவை கைக்கு வந்து சேருமா? பத்திரிகைத் தொழிலில் பல பத்தாண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். துறைமுகத் திறப்பு விழாக்கள் செய்தியாகின்றன. துறைமுக வாசலில் பெட்டியோடு நிற்கும் பயணி செய்தியாவதில்லை.

இன்றைய உல்லாசக் கப்பல்கள் இக்கேள்விகளுக்கு ஒரு விடை வைத்திருக்கின்றன. துறைமுக வளாகத்திலேயே நாட்கணக்கில் கட்டணம் செலுத்தி மோட்டார் வண்டியை நிறுத்திவிடலாம். பெட்டியில் அறை எண் பொறித்த அட்டையைக் கட்டி வாசலில் ஒப்படைத்தால், மாலைக்குள் அது கப்பலில் நமது அறை வாயிலில் நிற்கும். பணம் உள்ளவருக்கு இது எளிய ஏற்பாடு. இலங்கையின் வடமேற்குக் கரையிலும் பாக்கு நீரிணையின் இரு மருங்கிலும் இதே கேள்விகளுக்குக் கடந்த ஏழு நூற்றாண்டுகளில் பலவித விடைகள் கிடைத்துள்ளன. அவற்றை வரிசையாகப் பார்த்தால், யார் பயணம் செய்யலாம், எதைக் கொண்டுபோகலாம் என்பதைக் கடல் தீர்மானிக்கவில்லை, கரையின் ஏற்பாடுகளே தீர்மானித்தன என்பது புலப்படும்.

உச்சமுனையிலிருந்து தொடங்குவோம். புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக்கு வடக்கே கடலுக்கும் களப்புக்கும் இடையில் நீண்டு கிடக்கும் மணற்பரப்பு அது. மேற்கே திறந்த கடல். கிழக்கே டச்சுக் குடா எனப்படும் ஆழங்குறைந்த நீர்ப்பரப்பு. அங்கே போக விரும்புகிறவர் வாகனத்தைக் கற்பிட்டியில் விட்டுவிட்டுப் படகில் ஏறவேண்டும். அரிசி மூட்டையானாலும் படகு இயந்திரமானாலும் அப்படித்தான் போகும். புத்தளம் களப்பு வடக்கு நோக்கித் திறந்திருப்பதால், பழங்காலத்தில் புத்தளத்துக்கு வந்த மரக்கலங்களும் இந்தப் பக்கமாகவே உள்ளே நுழைந்தன.

அப்படி வந்தவர்களுள் மிகப் பிரசித்தமானவர் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுனு பதூதா. 1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய கப்பலைக் காற்று இலங்கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அவர் 'பத்தாளா' என்று குறிப்பிடும் இடம் புத்தளமே என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்று பயணி விருப்பம் தெரிவித்தார். மன்னன் செய்துகொடுத்த ஏற்பாட்டைக் கவனியுங்கள்: ஒரு பல்லக்கு, அதைச் சுமக்க ஆட்கள், வழி தெரிந்த நான்கு யோகிகள், மூன்று பிராமணர், அரண்மனையைச் சேர்ந்த பத்துப் பேர், உணவுப் பொருட்களைச் சுமக்கப் பதினைந்து பேர். ஒருவரின் மலைப் பயணத்துக்கு இத்தனை பேர்!

இன்னொரு சிக்கலும் இருந்தது. இன்று நாம் வாகனத்தை நிறுத்திவிட்டுக் கப்பலேறுகிறோம். அவரோ கப்பலை நிறுத்திவிட்டுத் தரைவழியே போகவேண்டியிருந்தது. அதுவரை கப்பலும் கப்பலோட்டியும் என்ன செய்வது? திரும்பி வரும்வரை அவர்களைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதாக மன்னன் உறுதியளித்தான். மலையைத் தரிசித்துத் தென்னிலங்கை வழியாகச் சுற்றி வந்தபோது, கப்பல் அதே இடத்தில் காத்துக்கொண்டிருந்தது. கலத்துக்குத் தரிப்பிடம், சுமைக்கு ஆள், இரண்டுக்கும் அரசனின் உத்தரவாதம். 14ஆம் நூற்றாண்டில் ஒரு தமிழ் மன்னன் ஒரு வெளிநாட்டுப் பயணிக்குச் செய்த ஏற்பாடு இது.

ஒல்லாந்தர் காலத்தில் பயணியின் இடத்தைச் சரக்கு பிடித்துக்கொண்டது. 1667 முதல் 1676 வரை அவர்கள் கட்டிய கற்பிட்டிக் கோட்டை இன்றும் நிற்கிறது. கண்டி இராச்சியத்துக்குப் போகும், அங்கிருந்து வரும் வணிகத்தைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். களப்பு ஆழம் குறைந்தது. பெரிய மரக்கலம் புத்தளம்வரை போக இயலாது. ஆகவே சுமையைக் கற்பிட்டியில் இறக்கி, அடி தட்டையான வள்ளங்களுக்கு மாற்றவேண்டும். அங்கிருந்து களப்பு வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் கொழும்புவரை நீர்வழி இருந்தது. சுமை கைமாறும் இடத்தை யார் வைத்திருக்கிறாரோ அவரே வணிகத்தை ஆள்வார் என்பதை ஒல்லாந்தர் நன்கு புரிந்திருந்தனர். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் வெளியிட்ட இலங்கை 'கசற்றியர்' நூலில் இந்தக் கரையின் ஊர்களையும் துறைகளையும் பதிந்து வைத்தார். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் எழுதியவர் என்றே நாம் அவரை நினைவுகூர்கிறோம். துறைகளையும் பாதைகளையும் பொறுமையாகப் பட்டியலிட்ட முன்னோடி என்றும் நினைவுகூரலாம்.

அதே காலத்தில், உச்சமுனைக்கு வடக்கே மன்னார்க் கரையில் வேறொரு வகைப் பயணிகள் இறங்கத் தொடங்கினர். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் அவர்கள். நிறுத்திவைக்க அவர்களிடம் வண்டி இல்லை. தலையில் ஒரு மூட்டை, இடுப்பில் ஒரு குழந்தை. தோணியில் நீரிணையைக் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையையும் கண்டியையும் அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் அவர்களைக் கொன்றன. இபுனு பதூதாவுக்குப் பதினைந்து பேர் சுமந்த உணவில் ஒரு பங்குகூட இந்த வழியில் இவர்களுக்காக வைக்கப்படவில்லை.

1901இல் ஒரு 'சீர்திருத்தம்' வந்தது. தோட்டத்தையும் அது அமைந்த மாவட்டத்தையும் குறிக்கும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு தகரத் துண்டு ஒவ்வொரு தொழிலாளிக்கும் வழங்கப்பட்டது. தகர டிக்கெட் என்று அதற்குப் பெயர். அதைக் காட்டினால் புகையிரதத்திலும் கப்பலிலும் பணம் கேட்கமாட்டார்கள். செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும். தொழிலாளி கயிற்றில் கோத்து உடலில் கட்டிக்கொண்டு வந்தார். துரைமாரின் பெட்டியில் சேருமிடம் எழுதிய சீட்டு ஒட்டப்பட்டது; தொழிலாளியின் உடலிலேயே அது தொங்கியது. ஒரு மனிதன் பயணியா, பயணப் பொதியா என்ற கேள்வி இதைவிட அப்பட்டமாக எங்கும் எழுந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் தூத்துக்குடி வழியே கொழும்பு போனவர்கள் பட்ட பாடு பெரிது. அங்கே கரையோரம் ஆழமில்லாததால் கப்பல் பல மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணியும் பெட்டியும் சிறு படகில் அலைபட்டுப் போய் ஏறவேண்டும். புதிய ஏற்பாடு அந்தத் துன்பத்தை நீக்கியது. சென்னை எழும்பூரில் ஒரே பயணச் சீட்டை வாங்கிக் கொழும்புக் கோட்டைவரை வரலாம். தனுஷ்கோடியில் புகையிரதம் துறைமேடைவரை வந்து நிற்கும், தலைமன்னாரிலும் அப்படியே. இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 22 மைல்தான். இரு கரைகளிலும் கூலியாட்கள் பெட்டிகளை இறக்கி ஏற்றினர். இந்தியப் பக்கத்தில் இருந்தது மீற்றர் பாதை, இலங்கையில் இருந்தது அகலப் பாதை. ஆகவே கடலின் மேல் பாலமே கட்டியிருந்தாலும் சுமையை இறக்கி மாற்றியே ஆகவேண்டும். ஆயினும் வண்டியை எங்கே விடுவது என்ற கவலை அந்தப் பயணிக்கு இருக்கவில்லை. இந்தக் கரை கண்ட மிகச் சிறந்த ஏற்பாடு போட் மெயில் என்பது என் துணிபு.

ஒரு குறை மட்டும் இருந்தது. பாம்பனில் புகையிரதப் பாலம் இருந்தது. சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதிதான் திறக்கப்பட்டது. அதுவரை சொந்த மோட்டார் வண்டியில் வந்தவர் மண்டபத்தோடு நிற்கவேண்டும். வண்டியை அங்கேயே விட்டுச் செல்லவேண்டும், அல்லது புகையிரதத்தில் ஏற்றவேண்டும். சாலைப் பாலம் வந்தபோது கப்பல் நின்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன!

அதே மண்டபத்தில்தான் இலங்கை அரசின் நோய்த்தடுப்பு முகாம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் அங்கே பல நாட்கள் தடுத்துவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டனர். அதே போட் மெயிலின் முதல் வகுப்புப் பயணி முகாமைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டு போனார். கடலும் கப்பலும் எல்லோருக்கும் ஒன்றுதான். கரை ஆளுக்கு ஒன்றாக இருந்தது.

பிறகு பயணத்தின் திசை மாறியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லக்கூடிய சொத்தின் உச்ச வரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே குறைக்கப்படமாட்டாது என்று அதில் ஒரு வாசகம். மூன்று தலைமுறை உழைப்பின் பெறுமதிக்கு இரண்டு அரசுகளும் பேசி எழுதிய கணக்கு அது! இரண்டு மாதம் கழியுமுன் டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. 'இராமானுஜம்' என்ற கப்பலின் பெயர் பலருக்கு இன்னும் நினைவிருக்கும். மலைநாட்டிலிருந்து இவர்களை ஏற்றிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன புகையிரதத்தை மலையக மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். தகரப் பெட்டியும் பாத்திர பண்டங்களும் போயின. லயத்துக் காம்பிராவும் தோட்டத்து மண்ணில் புதைத்த பெற்றோரும் எந்தப் பொதியிலும் அடங்கவில்லை.

1984இல் போரின் காரணமாகக் கப்பல் நின்றது. அதனோடு தாயகம் திரும்புதலும் நின்றுவிட்டது. இந்தியக் கடவுச்சீட்டோடு புறப்படக் காத்திருந்த பல்லாயிரவர் இலங்கையிலேயே தங்கினர். நாடற்றோர் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம்தான் வழிசெய்தது. ஒரு கப்பல் ஓடாததால் அந்த மக்களின் தேசமே மாறிப்போயிற்று. இதை வெறும் போக்குவரத்துச் செய்தி என்று யார் சொல்ல முடியும்?

போர் முடிந்தபின் முயற்சிகள் பல நடந்தன. 2011 ஜூனில் தூத்துக்குடி-கொழும்புக் கப்பல் தொடங்கி, அதே ஆண்டு நவம்பரில் நின்றது. 2015 மார்ச்சில் தலைமன்னார்வரை புகையிரதம் மீண்டும் ஓடியது. துறைமேடையில் அதைச் சந்திக்கக் கப்பல் வரவில்லை. 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் தேதி நாகப்பட்டினம்-காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கிச் சில நாட்களில் பருவமழையோடு நின்றது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' அதே வழியில் ஓடத் தொடங்கியது. இடையிடையே நின்றும் இருக்கிறது.

ஒவ்வொரு தொடக்கத்திலும் கப்பலின் படம் பத்திரிகைகளில் வந்தது. கட்டணம் எவ்வளவு, எத்தனை மணி நேரப் பயணம் என்று எழுதினோம். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. தூர ஊர்களிலிருந்து வருகிறவர் நாகப்பட்டினத்தில் வாகனத்தை எங்கே, எத்தனை நாள் நிறுத்துவார்? காங்கேசன்துறையில் இறங்கும் முதியவரின் பெட்டியைச் சுங்கத்திலிருந்து பேருந்துவரை யார் எடுத்துச் செல்வார்? ஒருவர் எத்தனை கிலோ கொண்டுவரலாம்? அதற்குமேல் ஒவ்வொரு கிலோவுக்கும் என்ன விலை? விமானத்தின் சிறு எடை வரம்பையே கப்பலிலும் வைத்தால், கப்பல் எதற்கு?

இந்தக் கேள்விக்காகக் காத்திருக்கிறவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். தமிழ்நாட்டு முகாம்களில் 50,000க்கும் மேற்பட்ட ஈழத்து அகதிகள் இருக்கிறார்கள். அவர்களுள் ஊர் திரும்ப விரும்புகிறவர்கள் நெடுங்காலமாகக் கப்பலையே கேட்டு வந்திருக்கிறார்கள். காரணம் எளியது: முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்த கட்டில், தையல் இயந்திரம், பிள்ளைகளின் புத்தகங்கள், மோட்டார் சைக்கிள் எதையும் விமானத்தில் ஏற்ற முடியாது. அவற்றை விட்டுவிட்டு வந்தால் ஊரில் மீண்டும் வெறுங்கையோடுதான் வாழ்வைத் தொடங்கவேண்டும்.

ஒருவருடைய கலத்தைக் காத்து, சுமைக்கு ஆளும் கொடுத்து அனுப்பிய புத்தளத்துக் கரை, மனிதனையே பொதியாக்கிய தகர டிக்கெட்டின் காலத்தையும் பார்த்தது. இனி ஓடப்போகும் கப்பல்கள் இந்த இரண்டில் எதன் வழியில் போகும் என்பதை எடை வரம்பு எழுதும் அதிகாரியின் பேனாவே தீர்மானிக்கும். திரும்பி வரும் குடும்பத்துக்கு வீட்டுச் சாமான் முழுவதையும் கட்டணமின்றி ஏற்றிச்செல்லும் உரிமையை இரு அரசுகளும் எழுத்தில் தரவேண்டும். கப்பல் விடுவதற்கு முன்னரே அதைச் செய்யவேண்டும்.