ஓர் என்ஜின் எண்ணுக்குள் இருக்கும் வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். ட்ரயம்ஃப் பானவில் மோட்டார் சைக்கிளின் பழைய என்ஜின். அவரிடம் ஃபிரேம் மட்டும் இருக்கிறது, அதற்காக இதை வாங்கப் போகிறார். "சார், விற்கிறவர் 1973 மாடல் என்கிறார். இன்டர்நெட்டில் பார்த்தால் 1972 என்று வருகிறது. மூன்று வருஷம் சேர்த்த பணம். என்னை ஏமாற்றுகிறாரா?" என்று கேட்டிருந்தார். வரலாற்று வாத்தியாரிடம் இதைக் கேட்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறார். என்ஜின் எண்ணும் ஓர் ஆவணம்தான். கல்வெட்டைப் படிப்பது போலத்தான் அதையும் படிக்க வேண்டும்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ட்ரயம்ஃப் கம்பெனியை நிறுவியவர் சீக்ஃபிரீட் பெட்மன். ஜெர்மனியின் நியூரம்பர்க்கிலிருந்து வந்து குடியேறியவர், பிறகு கவன்ட்ரி நகரத்துக்கே மேயராக இருந்தார். 1902-இல் முதல் மோட்டார் சைக்கிள். 1937-இல் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த 500 சிசி இரட்டை சிலிண்டர் 'ஸ்பீட் ட்வின்' வந்தது. என் மாணவர் பார்த்த என்ஜினுக்கு அதுதான் பாட்டன். 1940 நவம்பர் 14 இரவு ஜெர்மன் விமானங்கள் கவன்ட்ரி மீது குண்டு வீசியதில் தொழிற்சாலை அழிந்தது. 1942-இல் பக்கத்திலிருந்த மெரிடன் கிராமத்தில் புதிய தொழிற்சாலை எழுந்தது. 1959 மாடலாக 650 சிசி பானவில் வெளிவந்தது அங்கிருந்துதான்.

இனி எண்ணுக்கு வருவோம். 1968 கடைசியில் மெரிடனில் ஒரு புது முறை கொண்டுவந்தார்கள். என்ஜினின் இடது பக்கம், சிலிண்டர் உட்காரும் இடத்துக்குக் கீழே, கிராங்க்கேஸில் இரண்டு ஆங்கில எழுத்து, ஐந்து இலக்க எண், பிறகு மாடல் பெயர். முதல் எழுத்து மாதம், இரண்டாவது எழுத்து ஆண்டு. இதற்கென்று பன்னிரண்டு எழுத்துகளை எடுத்துக்கொண்டார்கள். எஃப், ஐ, எல், எம், ஓ ஆகியவை அதில் கிடையாது. ஏ என்றால் ஜனவரி, இ மே, ஜி ஜூன், எச் ஜூலை, ஜே ஆகஸ்ட், கே செப்டம்பர், என் அக்டோபர், எக்ஸ் டிசம்பர். ஆண்டுக்கு சி என்றால் 1969, இ 1971, ஜி 1972, எச் 1973, ஜே 1974, கே 1975.

மாணவர் அனுப்பிய எண் 'ஜே எச்' என்று தொடங்குகிறது. மாடல் டி140வி. ஜே ஆகஸ்ட், எச் 1973. அப்படியானால் 1973 ஆகஸ்ட் என்றுதானே வர வேண்டும்? இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். அந்த ஆண்டு காலண்டர் ஆண்டு இல்லை. ஐரோப்பாவில் வசந்தத்திலும் கோடையிலும்தான் வண்டி விற்கும். அதற்குத் தயாராக முந்தைய ஆகஸ்டிலேயே புது மாடலைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள். நம் கல்வியாண்டு ஜூனில் தொடங்குவது போல, அவர்கள் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூலையில் முடியும். ஆக 'ஜே எச்' என்றால் 1973 மாடல், செய்தது 1972 ஆகஸ்டில். விற்பவர் சொன்னதும் சரி, இன்டர்நெட் சொன்னதும் சரி.

சோழர் கல்வெட்டில் 'யாண்டு 5' என்று இருந்தால், எந்த அரசன், அவன் எப்போது பட்டத்துக்கு வந்தான் என்று தெரியாமல் அந்த ஐந்தால் பயன் இல்லை என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? அதே பாடம்தான்.

ஆனால் எண் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு சாட்சியை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. அதனால் அவரை நான்கு விஷயங்கள் பார்க்கச் சொன்னேன்.

ஒன்று, எண் அடித்த இடம். புது முறை வந்த காலத்தில் எண் அடிக்கும் மேடையில் ட்ரயம்ஃப் முத்திரையைப் பொடிப்பொடியாக வரிசையாகப் பதித்தார்கள். யாராவது எண்ணை அரத்தால் ராவி வேறு எண் அடித்தால் அந்த முத்திரைகளும் சேர்ந்து அழிந்துவிடும். அந்த இடம் வழவழவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டு, காலமுரண். டி140 என்ற 750 வகை 1973 மாடலாகத்தான் வந்தது. முதலில் 724 சிசி, சீக்கிரமே 744 சிசி. ஆகவே டி140 என்று எழுதி ஆண்டு எழுத்து 'இ' என்றோ 'ஜி' என்றோ இருந்தால், அசோகர் கல்வெட்டில் ரயில் வந்தது போல. கிட்டே போகக் கூடாது.

மூன்று, காணாமல் போன ஜோடி. தொழிற்சாலையில் என்ஜினுக்கும் ஃபிரேமுக்கும் ஒரே எண்ணைத்தான் அடித்தார்கள். ஃபிரேமில் அது ஹேண்டில்பார் கழுத்துப் பக்கம் இருக்கும். என்ஜின் மட்டும் தனியாக விலைக்கு வருகிறதென்றால், அதன் ஃபிரேம் எங்கே போனது என்று கேட்டே ஆக வேண்டும். விபத்தில் போயிருக்கலாம். திருட்டு வண்டியைப் பிரித்தும் விற்றிருக்கலாம்.

நான்கு, ஏடு. மெரிடன் தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் இன்று இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன. எழுதிக் கேட்டால் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்வார்கள். பதில் வரும்வரை முன்பணம் கொடுக்காதே என்றேன்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், எண் பிறந்த நாளைத்தான் சொல்லும். ஐம்பது வருஷம் எப்படி வாழ்ந்தது என்பதைச் சொல்லாது. பிஸ்டன் மாறியிருக்கலாம், கியர் மாறியிருக்கலாம். அதற்கு நல்ல மெக்கானிக்தான் வேண்டும்.

எனக்கு அந்த எழுத்து வரிசையில் மனதைத் தொட்டது 'எச்'-க்கு அடுத்து வரும் ஆண்டு எழுத்து 'ஜே'. 1974 மாடல். அந்த எழுத்துடன் வெளிவந்த வண்டிகள் மிகக் குறைவு. 1973-இல் தாய் நிறுவனமான பிஎஸ்ஏ நொடித்து, நார்ட்டன் வில்லியர்ஸ் ட்ரயம்ஃப் என்ற புதிய நிறுவனத்தின் கைக்கு மெரிடன் போனது. அந்தச் செப்டம்பரிலேயே மெரிடனை மூடப் போவதாக நிர்வாகம் அறிவித்தது. சுமார் 1,750 பேருக்கு வேலை போகும் நிலை. தொழிலாளர்கள் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். செய்து முடித்த வண்டிகளும் உள்ளேயே மாட்டிக்கொண்டன. குளிரிலும் மழையிலும் ஒன்றரை வருஷம் காவல் இருந்தார்கள். 1974-இல் தொழில்துறை அமைச்சரான டோனி பென் அவர்கள் பக்கம் நின்றார். அரசு கடனும் மானியமுமாகச் சுமார் 50 லட்சம் பவுண்டு கிடைத்தது. 1975 மார்ச்சில் தொழிலாளர்களே நடத்தும் கூட்டுறவு ஆலையாக மெரிடன் மறுபடி திறந்தது. 1983 வரை நடந்தது. ட்ரயம்ஃப் பெயரை வேறொருவர் வாங்கி, ஹிங்க்லி என்ற ஊரில் புதிய ஆலை தொடங்கியது பிந்தைய கதை.

'ஜே எச்' என்ஜினைச் செய்த கைகள் அடுத்த வருஷம் ஆலை வாசலில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்திருக்கும். அதை எந்தப் பதிவேடும் சொல்லாது. எழுத்து வரிசையில் ஓர் இடம் மட்டும் ஏன் மெலிந்திருக்கிறது என்று கேட்கிறவனுக்குத்தான் அது தெரியவரும்.

நம் ஊரில் பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள என்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியில் இருப்பதோடு நீங்களே ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். எண் மீது காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெளிவாக விழும். என்ஜின் மாற்றியிருந்தால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தம்பி, தங்கைகளே, விலை பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.