உடம்புக்குள் போன மூட்டைத் திரும்பக் கேட்ட கதை

கீழே விழுந்து இடுப்பு முறிந்த ஆச்சியைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய், மாற்று மூட்டு வைத்து நடக்கவிடுவது இன்று பாஞ்சாலங்குறிச்சிப் பக்கம் புதுச் செய்தி அல்ல. ஆனால் அந்த மூட்டு எங்கெங்கோ சுற்றி வந்தது.

1891 வாக்கில் பெர்லினில் அறுவை மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் யானைத் தந்தத்தில் மூட்டு செய்து பார்த்தார். கிருமித் தொற்று கெடுத்தது. 1938-இல் லண்டனில் ஃபிலிப் வைல்ஸ் துருப்பிடிக்காத எஃகில் முயன்றார். பிறகு இங்கிலாந்தின் லங்காஷயரில் அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி உலோகப் பந்துக்கு டெஃப்லான் கிண்ணம் பொருத்தினார். சில ஆண்டுகளிலேயே கிண்ணம் தேய்ந்தது. துகள்கள் பக்கத்துத் திசுவைப் புண்ணாக்கின. தான் வைத்ததைத் தானே திரும்ப எடுக்க வேண்டிய நிலை.

மீட்பு ஒரு விற்பனையாளர் உருவில் வந்தது. 1962-இல் அவர் கொண்டுவந்தது, லங்காஷயர் தறிகளின் பல்சக்கரங்களுக்கு விற்ற பாலிஎத்திலின் என்ற பிளாஸ்டிக். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று போய்விட்டார். உதவியாளர் ஹாரி கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளியூர் போன நேரத்தில் தேய்மான இயந்திரத்தில் மாட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்த அளவுகூட இது மூன்று வாரத்தில் தேயவில்லை.

சார்ன்லி இன்னொன்றும் செய்தார். இறந்தபின் மூட்டைத் திருப்பித் தர நோயாளிகளிடம் சம்மதம் கேட்டு, தேய்மானத்தை அளந்தார். ஒவ்வொரு மூட்டையும் தொடர்ந்து கவனிக்கும் அந்தப் பழக்கத்தை 1979-இல் ஸ்வீடன் நாடு தழுவிய பதிவேடாக்கியது. ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் பின்தொடர்ந்தன.

1997-இல் பர்மிங்காமில் உலோகத்தின்மேல் உலோகம் உரசும் மூட்டு பேர் வாங்கியதும் போட்டி நிறுவனங்கள் அதே வழியில் இறங்கின. அப்படி வந்ததுதான் ஜான்சன் அண்ட் ஜான்சனின் துணை நிறுவனமான டிபியூவின் ஏஎஸ்ஆர். கிண்ணத்தின் ஆழம் குறைவு. விளிம்பு உரசி, கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் கலந்தன. ஐந்தாண்டுக்குள் எட்டில் ஒருவருக்கு மறு அறுவை தேவைப்பட்டதை இங்கிலாந்துப் பதிவேடு காட்டியது. 2009 டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலும், 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அதைத் திரும்பப் பெற்றார்கள்.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவைகளில் இது பயன்பட்டிருந்தது. நமக்கு அப்படியொரு முழுப் பதிவேடு இல்லை. 3,000 பேருக்கு மேல் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. இதை ஆராய மத்திய அரசின் குழு 2017-இல்தான் அமைந்தது. 2018-இல் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு வகுத்தார்கள். ஆனால் ஆள் தெரியாமல் யாருக்குக் கொடுப்பது?

அதனால், உங்கள் வீட்டில் யாருக்காவது மாற்று மூட்டு வைத்தால், அது வந்த பெட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும்: கம்பெனி பெயர், மாடல் எண், லாட் எண். அதைக் கேட்டு வாங்கி டிஸ்சார்ஜ் சீட்டோடு பத்திரமாக வையுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த போன் நம்பர் மாறினால் மறக்காமல் போய்ச் சொல்லுங்கள். நாளைக்கு அந்த மூட்டில் குறை என்று தெரிந்தால், உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட அந்த எண்கள்தான் வழிகாட்டும்.