காரணி: ஆக்குவதா, பிரிப்பதா?

கல்வராயன் மலையிலுள்ள வெள்ளிமலையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சென்னையில் கேட்டாலும், ‘காரணிப்படுத்து’ என்றால் இருபடிக் கோவையின் நடு உறுப்பைப் பிரித்து எழுதுவது என்றே விடை வரும். கணக்கும் சரியாகவே முடியும். ஆனால் காரணி என்ற சொல்லில் பிரிப்பதற்கான சாயலே கிடையாது.

காரணம் வடசொல். செய்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. ஒன்று உண்டாகக் காரணமாய் நிற்பது காரணி. ஆங்கிலேயர் சொல்லும் ‘ஃபேக்டர்’ இலத்தீனில் ‘செய்பவன்’ என்று பொருள்படும். ஆக, இரண்டும் ஆக்கத்தையே பேசுகின்றன. பிரிப்பதைச் சொல்லத் தமிழில் வகுத்தி என்ற வேறு சொல் உண்டு. ‘மீப்பெரு பொது வகுத்தி’, ‘மீப்பெரு பொதுக் காரணி’ இரண்டும் நம் பாடநூல்களில் புழங்குகின்றன. இலங்கைப் பிள்ளைகளோ ‘பொதுக் காரணிகளுட் பெரியது’ என்று படிக்கிறார்கள்.

இருபடி என்ற சொல்லின் கதை வேறு. முன்பு வர்க்கம் என்றார்கள். ஆரியபடர் 499-இல் சமபக்கச் சதுரத்தையும், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கி வருவதையும் வர்க்கம் என்றே வழங்கினார். ஆங்கிலத்து ‘குவாட்ராடிக்’கும் இலத்தீன் சதுரத்திலிருந்து வந்ததுதான். இருபடியோ அடுக்கை எண்ணிச் சொல்கிறது. எளிய, தெளிவான சொல். ஆனால் அதில் சதுரம் மறைந்துவிட்டது.

இப்படித் தமிழில் சொல் தேடும் வேலை பழையது. சேலத்தில் 1916-இல் ராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியலுக்குத் தமிழ்ச் சொல் காணச் சங்கம் வைத்தார்கள். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொல் தொகுதி வெளியிட்டது. தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்ற கேள்வி அன்று. சொன்னதன் பொருள் வகுப்புக்குள் போய்ச் சேர்ந்ததா என்ற கேள்வி இன்று.

சேர வழி இருக்கிறது. ஒரு பக்கம் ‘க’ அளவுள்ள சதுரமான மரவள்ளிக் கொல்லையை எடுத்துக்கொள்வோம். நீளத்தில் 5, அகலத்தில் 3 கூட்டினால் பரப்பு (க + 5)(க + 3). விரித்தால் க² + 8க + 15. இப்போது பரப்பை மட்டும் சொல்லி, நீள அகலம் கேட்டால் அதுதான் காரணிப்படுத்தல். கூட்டினால் 8, பெருக்கினால் 15 வரும் இரண்டு எண்கள் 5, 3. நிலப்பரப்பைக் குழி என்ற அளவில் கணக்கிடக் குழிமாற்று வாய்பாட்டை மனப்பாடம் செய்த நாடு இது. நீள அகலப் பெருக்கம் நமக்குப் புதிதல்ல.

எல்லாக் கோவைக்கும் இப்படி முழுஎண்கள் அமையாது. க² + க + 1 அப்படி ஒன்று. கூட்டியும் பெருக்கியும் 1 தரும் இரு முழுஎண்கள் இல்லை. அதையும் பிள்ளைகள் தேடிப் பார்த்தே அறியட்டும்.

ஆசிரியர்கள் முதலில் பெருக்கிக் காட்டட்டும்; பிரிப்பது பிறகு வரட்டும். காரணி என்ற சொல்லே அந்த வரிசையைத்தான் கேட்கிறது.