திரை மூடிய குதிரை வண்டி

ஒரு நாவலையே கோர்ட்டுக்கு இழுத்த கதை தெரியுமா உங்களுக்கு?

1857, ஜனவரி 29. பாரிஸ். குற்றம் சாட்டப்பட்டவர் குஸ்தாவ் ஃப்ளோபேர். வயது 35. 'மேடம் பொவாரி' என்று ஒரு தொடர்கதை எழுதி, பொது ஒழுக்கத்தையும் மதத்தையும் புண்படுத்திவிட்டாராம்!

கதை எளிமையானதுதான். கிராமத்து வைத்தியர் சார்லஸ் நல்ல மனுஷர். ஆனால், பேச்சில் உப்பு சப்பு கிடையாது. அவர் மனைவி எம்மாவோ காதல் நாவல்களாகப் படித்துத் தள்ளியவள். முதலில் ருடோல்ஃப், அப்புறம் லியோன் என்று மனசு தாவுகிறது.

ஃப்ளோபேர் எதையும் பச்சையாகச் சொல்வதில்லை. பொருள்களைப் பேச விட்டுவிடுவார். புது மனைவியாக வீட்டுக்குள் நுழையும் எம்மா, அங்கே பார்ப்பது கணவரின் இறந்துபோன முதல் மனைவியின் கல்யாணப் பூங்கொத்து! பிற்பாடு வீடு மாறும்போது தன்னுடைய பூங்கொத்தின் கம்பி அவள் விரலைக் குத்துகிறது. தூக்கி நெருப்பில் போடுகிறாள். கருகிய காகித இதழ்கள் கறுப்புப் பட்டாம்பூச்சிகளாகப் புகைபோக்கி வழியே பறந்துபோகின்றன.

இன்னொரு காட்சி. ரூவான் நகரம். இனி சந்திக்க வேண்டாம் என்று லியோனுக்குக் கடிதம் எழுதி எடுத்து வருகிறாள் எம்மா. இருவரும் ஒரு குதிரை வண்டியில் ஏறுகிறார்கள். திரைகள் மூடியபடி ஊரெல்லாம் சுற்றுகிறது வண்டி. உள்ளே என்ன நடக்கிறது? ஒரு வார்த்தை கிடையாது! நடுவில் ஒரு கை மட்டும் வெளியே நீண்டு, கிழிந்த காகிதத் துண்டுகளை வீசுகிறது. அவை வெள்ளைப் பட்டாம்பூச்சிகளாகச் சிவப்பு வயலில் விழுகின்றன. கடிதத்தின் கதி புரிகிறதல்லவா? பயந்துபோன பத்திரிகை, இந்தக் காட்சியையே வெட்டிவிட்டது.

சரி, பிடிக்காத கல்யாணத்திலிருந்து அவள் விலகியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எப்படி? பிரான்ஸில் 1816-லேயே விவாகரத்தை ஒழித்துவிட்டார்கள். கணவன் புகார் கொடுத்தால், தப்பு செய்த மனைவிக்கு மூன்று மாதம் முதல் இரண்டு வருஷம் வரை ஜெயில். கணவன் தப்பு செய்தால்? அதுவும், காதலியைக் குடும்பம் இருக்கும் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தால்தான் குற்றம். தண்டனை, வெறும் அபராதம்!

கடைசியில் எம்மாவைக் கவிழ்த்தது காதல்கூட இல்லை, கடன். துணி வியாபாரி லெரோ கடனுக்குச் சரக்கைக் கொடுத்து, புரோநோட்டுகளில் கையெழுத்து வாங்கி, வட்டிமேல் வட்டி ஏற்றுகிறான். பிரெஞ்சில் அந்தப் பெயருக்கு 'மகிழ்ச்சியானவன்' என்று அர்த்தம்! இருபத்து நாலு மணி நேரத்தில் 8,000 ஃப்ராங்க் கட்டச் சொல்லி கோர்ட் உத்தரவு, ஜப்தி... இரண்டு காதலர்களும் கைவிரிக்க, விஷத்தைத் தின்கிறாள்.

அரசு வக்கீல் எர்னஸ்ட் பினாரின் பெரிய கோபம் என்ன தெரியுமா? இந்த நாவலில் அவளைக் கண்டிக்கத் தகுதியுள்ள ஒருவர்கூட இல்லையே என்பதுதான். அவர் குற்றமாகச் சொன்னதுதான் நாவலின் நிஜமான பலம்!

பிப்ரவரி 7 அன்று, கண்டித்துவிட்டு விடுதலை செய்தது கோர்ட். ஏப்ரலில் புத்தகம் வந்தது. வழக்கே விளம்பரமாகிவிட, பரபரவென்று விற்றது. ஒப்பந்தப்படி ஃப்ளோபேருக்கு 800 ஃப்ராங்க். எம்மாவின் கடனில் பத்தில் ஒரு பங்கு!

1880-ல் அவர் இறந்தார். பிரான்ஸுக்கு விவாகரத்து திரும்பி வந்தது 1884-ல்.