மருமகனின் மேனிஃபோல்டும் எடல்பிராக்கின் உண்டிவில்லும்

போன ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையிலிருந்து அக்கா போன் செய்தாள். "ஏன்டா, உன் மருமகன் கார் எஞ்சினுக்கு ஏதோ மேனிஃபோல்டு வாங்கப் போறானாம். எதுக்குடான்னா அதுதாம்மா காருக்கு மூச்சுக்குழாய்ங்கறான். இருக்கிற மூச்சு போதாதா? நீதான் ஊருக்கெல்லாம் லோன் குடுக்கறியே, அது அவசியமான்னு பாத்துச் சொல்லு."

பையன் ஹூஸ்டனில் இருக்கிறான். 1972 மாடல் செவ்ரோலே நோவா ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் அதற்கடியில்தான் படுத்துக் கிடக்கிறான். 350 கன அங்குல வி-8 எஞ்சின். நானோ நாக்பூரில் வங்கி அதிகாரி, படித்தது பி.காம். ஆனாலும் இருபது வருஷமாக லேத் பட்டறை, ஃபவுண்டரி என்று எத்தனையோ பேருக்கு மெஷின் லோன் பரிந்துரைத்த கை. ஒரு வாரம் உட்கார்ந்து படித்தேன். தங்கமணி என்னை ஒரு மாதிரி பார்த்ததைப் பொருட்படுத்தவில்லை.

கதை 1932-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருஷம் ஹென்றி ஃபோர்டு சாமானியனுக்கும் எட்டும் விலையில் வி-8 எஞ்சினைக் கொண்டுவந்தார். 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். எட்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒற்றை வாய் கார்ப்பரேட்டர். இரண்டு சுற்றுக்குள் எட்டு சிலிண்டரும் ஒருமுறை மூச்சிழுக்க வேண்டும், அதாவது 90 டிகிரிக்கு ஒன்று. ஒரே கவுண்டரில் எட்டுப் பேர் நின்றால் என்ன ஆகுமோ அதுதான் அங்கேயும். ஒருவன் கை நீட்டும்போதே அடுத்தவன் இடித்துக்கொண்டு நுழைவான். ஒரு சிலிண்டருக்குப் பெட்ரோல் அதிகம், இன்னொன்றுக்குக் குறைவு.

1934-ல் ஃபோர்டே இதைச் சரிசெய்தார்கள். இரட்டை வாய் கார்ப்பரேட்டர் வைத்து, மேனிஃபோல்டுக்குள் இரண்டு தனித்தனிப் பாதை. வெடிக்கும் வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாக நாலு சிலிண்டர் ஒரு வாய்க்கு, மற்ற நாலு அடுத்த வாய்க்கு. இப்போது ஒவ்வொரு வாய்க்கும் 180 டிகிரி அவகாசம். திறன் 85 ஆனது. இதைத்தான் இன்றைக்கும் 'டூயல் பிளேன்' என்கிறார்கள். இரண்டு கவுண்டர் திறந்து டோக்கன் கொடுத்த மாதிரி.

கலிஃபோர்னியாப் பையன்களுக்கு அது போதவில்லை. மோஹாவே பாலைவனத்தில் மியூரோக், ரோசமண்ட் என்று காய்ந்த ஏரிகள். தண்ணீர் கிடையாது, மைல்கணக்கில் பலகை போல மண்தரை. வார இறுதியில் அங்கே போய் யார் வேகம் என்று பார்ப்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர் விக் எடல்பிராக். கான்சாஸ்காரர். அப்பாவின் மளிகைக் கடை தீயில் போனதும் பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர். 1931-ல் கலிஃபோர்னியா வந்து மெக்கானிக் ஷாப் வைத்தார். 1938-ல் 1932 மாடல் ஃபோர்டு ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினார். மேனிஃபோல்டு செய்துகொண்டிருந்த டாமி திக்ஸ்டன் என்பவருடன் சேர்ந்து உழைத்தார். விளைந்தது பிடிக்காமல், தானே ஒன்றை வடிவமைத்து வார்த்தார். இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்ப்பரேட்டர் உட்காரும். பெயர் 'சிலிங்ஷாட்', நம்ம உண்டிவில்.

அந்த ரோட்ஸ்டர் அவர் தினசரி ஓட்டிய வண்டி. ஏரிக்குப் போனதும் மட்கார்டு, முன்கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவார். முடிந்ததும் மாட்டிக்கொண்டு வீடு திரும்புவார். எனவே அவர் மேனிஃபோல்டு பந்தயத்தில் பறந்தால் மட்டும் போதாது, திங்கட்கிழமை சிக்னலில் இருமாமல் நிற்கவும் வேண்டும். நாலு பேர் பார்த்தார்கள், எனக்கும் என்றார்கள். நூறு அளவில் விற்றதாகக் கணக்கு. புராஜெக்ட் ரிப்போர்ட் எதுவும் இல்லாமல் ஆரம்பித்த தொழில்! 1941 நவம்பரில் ரோசமண்டில் மணிக்கு 121 மைலைத் தாண்டினார். மூன்றே வாரத்தில் பேர்ல் ஹார்பர். யுத்தம் முடிந்து 1946-ல் முதல் கேட்டலாக் போட்டார்.

மருமகனுக்கு நான் முக்கியமாகச் சொன்னது இனிமேல்தான். 1960-ல் கிரைஸ்லர் 300எஃப் என்று ஒரு கார். 413 கன அங்குல எஞ்சின். மேனிஃபோல்டைப் பார்த்தால் ஆட்டுக்கடா கொம்பு தோற்றது. இடப்பக்க கார்ப்பரேட்டர் வலப்பக்க சிலிண்டர்களுக்கு, வலப்பக்கம் இடத்துக்கு. குழாய் ஒவ்வொன்றும் 30 அங்குல நீளம். எதற்கு இந்த நீளம்? வால்வு மூடும்போது உள்ளே வரும் காற்று மோதி, அழுத்த அலையாகத் திரும்பிப் போகும். மறுபடி வரும் நேரத்தில் வால்வு திறந்திருந்தால் அந்த அலை கொசுறாகக் கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளும். நீளக் குழாயில் அலை வந்துபோக நேரமாகும், அதனால் குறைந்த சுற்றில் பொருந்தும். குட்டைக் குழாய் அதிகச் சுற்றுக்கு. நாகஸ்வரத்தில் பாரியும் திமிரியும் போல. நீளமான பாரிக்குக் கீழ்ச்சுருதி, குட்டையான திமிரிக்கு மேல்சுருதி.

அந்த 30 அங்குல எஞ்சின் 375 குதிரைத்திறன் தந்தது. 2,800 சுற்றிலேயே 495 பவுண்டு-அடி இழுவிசை. வேண்டியவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது. வெளியே கிட்டத்தட்ட அதே தோற்றம், உள்ளே தடுப்புச் சுவரை வெட்டிக் குழாயை 15 அங்குலமாக்கியது. அதற்கு 400 குதிரைத்திறன். விளம்பரத்தில் எடுபடும் எண் இதுதான். ஆனால் இழுவிசை 465-ஆக இறங்கியது, அதுவும் 3,600 சுற்றுக்குப் போனால்தான். 25 குதிரை வரவு, 30 பவுண்டு-அடி செலவு. சிக்னலில் நிற்கும்போது முதுகை இருக்கையில் தள்ளுவது எது? செலவில் போனதுதான். அந்தக் குட்டைக் குழாய் மிகச் சிலவற்றில்தான் போனது, அதுவும் பந்தயம் ஓட்டுபவர்களுக்கு.

1985-ல் செவ்ரோலே இதே பாடத்தைத் திருப்பிப் போட்டது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனோடு நீளக் குழாய். கீழே அபார இழுவை, 4,500 தாண்டினால் மூச்சு வாங்கும். உடனே ஆட்கள் குட்டைக் குழாய் தேடிப் போனார்கள்.

மருமகன் ஆசைப்பட்டது 'சிங்கிள் பிளேன்'. நடுவில் ஒரே திறந்த அறை, அதிலிருந்து எட்டுக் குட்டைக் குழாய். எடல்பிராக்கின் விக்டர் ஜூனியர் இந்த வகை. கேட்டலாக்கிலேயே 3,500 முதல் 8,000 சுற்று என்று போட்டிருக்கிறார்கள். அதே கம்பெனியின் டூயல் பிளேன் 'பெர்ஃபார்மர்' ஐடில் முதல் 5,500 வரை. இடைப்பட்ட 'பெர்ஃபார்மர் ஆர்பிஎம்' 1,500 முதல் 6,500. அகலமான பாதையில் குறைந்த சுற்றில் காற்று சோம்பேறியாகிவிடும். பெட்ரோல் துளிகள் காற்றோடு போகாமல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். நாற்பது சதவீதம் ஓடப்போகிற ஆலைக்கு நூறு சதவீதத்துக்கு மெஷின் வாங்கி வைத்து, வட்டி கட்ட முடியாமல் என் மேஜைக்கு வந்தவர்கள் முகமெல்லாம் ஞாபகம் வந்தது.

போனில் மூன்று கேள்விதான் கேட்டேன். வண்டி அதிகம் எத்தனை சுற்றில் ஓடுகிறது? கேம்ஷாஃப்ட்டும் கியரும் பழையதா? சிலிண்டர் ஹெட் எந்த வருஷத்தது? கடைசிக் கேள்விக்கு அவன் திடுக்கிட்டான். பழைய ஹெட்டில் மேனிஃபோல்டைப் பிடிக்க 12 போல்ட், 1996-ல் வந்த வோர்டெக் ஹெட்டில் 8 தான். மாற்றி வாங்கினால் உட்காரவே உட்காராது.

"2,000, 3,000 சுத்துதான் மாமா. 4,000 தாண்டறது என்னைக்காவது. கேம், கியர் எல்லாம் கம்பெனி போட்டதுதான்" என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப பெர்ஃபார்மரே போதுங்கறீங்களா?" என்றான்.

இப்போது பானட் மூடுமா என்று பார்க்க, ஏர் ஃபில்டர் மேல் களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்து, நசுங்கியதை அளந்துகொண்டிருக்கிறான். அக்காவுக்கு போன் செய்து, "சாங்ஷன் பண்ணிட்டேன், சைஸைத்தான் குறைச்சிருக்கேன்" என்றேன்.

"நீயும் அவனோட சேந்துட்டியா?" என்று போனை வைத்துவிட்டாள்.